94 சரி, எத்தனை லிட்டரில்?

2021 மே மாதம் காயல்பட்டினத்தில் வீட்டுக்கு வீடு ஆக்சிமீட்டர் பேச்சுதான். சொந்தமாக இல்லாதவர்கள் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினார்கள். விரலில் மாட்டி, திரையில் வரும் எண்ணைப் படமெடுத்து வெளியூர்ல இருக்கிற பிள்ளைகளுக்கு அனுப்புவாங்க. ஹாங்காங், கொழும்பு, ஜித்தா, சென்னை என்று எங்கிருந்தாலும் திரும்பி வரும் கேள்வி ஒன்றுதான்: "வாப்பாவுக்கு 94-க்கு மேல இருக்கா?" இருந்தால் நிம்மதி. 

இந்தக் குறிப்பு அந்த 94 பற்றியது. வைரஸ் நிமோனியா வந்த ஒருவர் தேறுவாரா, வென்டிலேட்டர் வரை போவாரா என்பதை ஆக்சிஜன் அளவை வைத்து முன்கூட்டியே சொல்ல முடியுமா? நான் டாக்டர் இல்லை, பி.இ. படிச்ச மென்பொருள் ஆள். ஓய்வு நேரத்தில் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துக் குறித்து வைத்ததைத்தான் இங்கே எழுதுறேன். என் சுருக்கமான பதில்: ஓரளவுக்கு முடியும். ஆனால் திரையில் தெரியும் அந்த ஒற்றை எண்ணை மட்டும் வைத்து முடியாது. அந்த எண் எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்த பிறகு வந்தது, அதற்காக நோயாளி நிமிடத்துக்கு எத்தனை மூச்சு செலவழிக்கிறார் என்ற இரண்டும் சேர்ந்தால்தான் அது எதையாவது சொல்லும்.

கேள்வி புதுசு இல்லை. 1918 விஷக் காய்ச்சலில் (இன்ஃப்ளுயன்ஸாதான்) நோயாளிகளின் உதடும் காதும் நீலம் பாரித்துப் போனதை டாக்டர்கள் உலகெங்கும் பார்த்தார்கள். நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் மருத்துவமனையில் வில்லியம் ஸ்டேடி என்பவர், நிமோனியா நோயாளிகளின் தமனியில் ஊசி போட்டு ரத்தம் எடுத்து, அதில் ஆக்சிஜன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்தார். தமனியில் ஊசி போடுவது அன்றைக்குச் சாதாரண விஷயம் இல்லை. 1919-இல் வெளியான அவருடைய கட்டுரையின் சாரம்: இறந்தவர்களின் ரத்தத்தில் இருந்த ஆக்சிஜன் குறைவு, பிழைத்தவர்களை விட மிக அதிகம். அடிப்படை விடை நூறு வருஷத்துக்கு முன்பே கிடைத்துவிட்டது. பிறகு மாறியது கருவி. ஜப்பானில் நிஹோன் கோடன் நிறுவனத்தில் வேலை பார்த்த டக்குவோ அவோயாகி 1970-களின் தொடக்கத்தில் ஊசியே இல்லாமல், நாடித் துடிப்போடு சேர்ந்து மாறும் ஒளியை வைத்து இதை அளக்கும் வழியைக் கண்டுபிடித்தார். அவர் இறந்தது 2020 ஏப்ரலில். அவருடைய கருவி உலகத்தில் வீட்டுக்கு வீடு போய்க்கொண்டிருந்த நேரம் அது.

சரி, ஏன் 94, ஏன் 90? 2021 ஏப்ரலில் எய்ம்ஸும் ஐசிஎம்ஆரும் வெளியிட்ட வழிகாட்டுதலில், சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போது 90 முதல் 93 வரை இருந்தால் மிதமான நோய், 90-க்குக் கீழே போனால் தீவிரம். இதன் பின்னால் ஒரு வளைகோடு இருக்கிறது. ரத்தத்தில் கரைந்திருக்கும் ஆக்சிஜனின் அழுத்தம் 100 மில்லிமீட்டர் பாதரசம் இருந்தால் ஆக்சிமீட்டர் 97, 98 காட்டும். அழுத்தம் 60-க்கு இறங்கினாலும் 90 காட்டும். ஆனால் 40-க்கு இறங்கினால் 75-க்கு விழுந்துவிடும். மேலே மேடு, கீழே செங்குத்துச் சரிவு. அதனால் 98-இலிருந்து 92-க்கு வந்தவரைப் பார்த்து "ஆறுதானே குறைஞ்சிருக்கு"ன்னு சொல்லக் கூடாது. திரையில் ஆறு, நுரையீரல் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் சாதாரணக் காற்றில் எடுத்த அளவு. ஆக்சிஜன் குழாயை மூக்கில் மாட்டிய நிமிடத்தில் கணக்கு மாறிவிடும். நம்ம தொழிலில் இருந்து ஓர் உதாரணம் சொல்றேன். ஒரு இணையதளம் அரை விநாடிக்குள் பதில் தருகிறது. நேற்றும் அரை விநாடி, இன்றும் அரை விநாடி. எல்லாம் பச்சை. ஆனால் நேற்று அதை 4 சர்வர் ஓட்டியது, இன்று 40 சர்வர் ஓட்டுகிறது என்றால்? பதில் நேரத்தை மட்டும் பார்ப்பவனுக்கு ஒன்றும் நடக்கவில்லை. சர்வர் எண்ணிக்கையைப் பார்ப்பவன் ராத்திரி தூங்க மாட்டான்.

மூன்று பேரை எடுத்துக்குவோம். மூவருக்கும் ஆக்சிமீட்டர் 95 காட்டுகிறது. முதலாமவர் சாதாரணக் காற்றில். அதில் ஆக்சிஜன் பங்கு 0.21. இரண்டாமவருக்கு மூக்குக் குழாயில் 4 லிட்டர். லிட்டருக்குச் சுமார் 4 சதவீதம் கூடும் என்ற வழக்கமான கணக்கில் 0.36. மூன்றாமவருக்குப் பையோடு வரும் முகக்கவசம், நிமிடத்துக்கு 15 லிட்டர், அதை 0.8 என்று வைப்போம். இப்போது 95-ஐ அந்தப் பங்கால் வகுங்க. முதலாமவருக்கு 452. இரண்டாமவருக்கு 264. மூன்றாமவருக்கு 119. வாட்ஸப்பில் மூன்று பேரின் படமும் ஒன்றுதான்.

இந்த வகுத்தலுக்கு எஸ்/எஃப் விகிதம் என்று பெயர். தமனி ரத்தம் எடுத்து ஆய்வுக்கூடத்தில் பார்க்கும் பி/எஃப் விகிதத்தின் ஏழை உறவினர் இது. பி/எஃப் 300-க்கும் 200-க்கும் 100-க்கும் கீழே இறங்க இறங்க நுரையீரல் பாதிப்பு கடுமை என்று 2012-இன் பெர்லின் வரையறை தரம் பிரிக்கிறது. ஆனால் தமனி ரத்தப் பரிசோதனை எல்லா ஊரிலும் உடனே கிடைக்காது. 2007-இல் ரைஸ் என்பவரும் கூட்டாளிகளும் இரண்டையும் ஒப்பிட்டு, எஸ்/எஃப் 315 என்பது ஏறக்குறைய பி/எஃப் 300-க்குச் சமம், 235 என்பது 200-க்குச் சமம் என்று காட்டினார்கள். ருவாண்டாவின் கிகாலியில் ஒரு மருத்துவக் குழு, ரத்தப் பரிசோதனையும் வென்டிலேட்டரும் குறைவான தங்கள் மருத்துவமனைக்காக இந்த 315-ஐயே வரையறையாக எடுத்துக்கொண்டது. பிறகு 2023-இல் வந்த உலகளாவிய புதிய வரையறையும் அதை ஏற்றுக்கொண்டது. வசதி இல்லாத ஊரில் வேறு வழியில்லாமல் செய்தது உலகத்துக்கே வழியாகிப் போனது எனக்குப் பிடித்த விஷயம்.

மேலே சொன்ன இரண்டாமவரின் 264, 315-க்குக் கீழே வந்துவிட்டது. மூன்றாமவரின் 119 அபாயமான இடம்.

இந்த விகிதத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு, அதைப் பலரும் சொல்வதில்லை. ஆக்சிமீட்டர் 97 அல்லது அதற்குக் கீழே காட்டும்போது மட்டுமே இந்தக் கணக்கு செல்லும். ஏன்னா 97-க்கு மேலே அந்த வளைகோடு தட்டை. அழுத்தம் 110 ஆக இருந்தாலும் 300 ஆக இருந்தாலும் திரையில் 99, 100 என்றுதான் வரும். அதாவது, "எங்க உம்மாவுக்கு 99 வர்ற மாதிரி ஆக்சிஜனைக் கூட்டி வைங்க"ன்னு வார்டில் கேட்கிற பிள்ளை, தன்னை அறியாமல் அளவுகோலையே உடைக்கிறான். 99-இல் வைத்திருக்கும் நோயாளி மோசமாகிக்கொண்டு வந்தாலும் எண் 99-ஆகவே நிற்கும். மேட்டின் விளிம்புக்கு வந்த பிறகுதான் விழத் தொடங்கும். 2021 வழிகாட்டுதல் ஆக்சிஜன் கொடுக்கும்போது 92 முதல் 96 வரை இலக்கு வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு நல்ல பலன். அந்த எல்லைக்குள் வைத்திருந்தால், 'இன்று அதே 94-க்கு எத்தனை லிட்டர் தேவைப்பட்டது' என்ற கேள்விக்கு விடை இருக்கும்.

இன்னொரு காரணம் இந்த மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2021 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம், 2018 துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு மூடிக் கிடந்த தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையில் ஆக்சிஜனை மட்டும் தயாரிக்க அனுமதி கொடுத்தது; ஜூலை 31 வரை. எந்த வாசலைத் திறக்கவே கூடாதென்று ஊர் நின்றதோ அந்த வாசல் வழியாக ஆக்சிஜன் லாரி போனது. நாட்டில் அவ்வளவு தட்டுப்பாடு. அரசியல் ஒரு பக்கம் இருக்கட்டும், லிட்டர் கணக்கு மட்டும் பாருங்க. ஜம்போ சிலிண்டரில் சுமார் 7000 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 15 லிட்டர் போனால் எட்டு மணி நேரம் தாங்காது. 8 லிட்டர் என்றால் பதினாலரை மணி நேரம். ஹை ஃப்ளோ கருவியில் நிமிடத்துக்கு 60 லிட்டர் காற்று, அதில் 0.8 பங்கு ஆக்சிஜன் என்றால், இரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். 94-லேயே போதும் என்றிருந்தவரை 99-க்கு ஏற்றச் செலவழித்த ஒவ்வொரு லிட்டரும் பக்கத்துக் கட்டிலுக்குப் போயிருக்க வேண்டியது.

'ஆக்சிஜன் தேவைப்படுகிறதா' என்ற கோடு மருந்திலும் வந்து நின்றது. பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வில் டெக்ஸாமெத்தசோன் கொடுத்தபோது, வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தோர் விகிதம் 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆனது. ஆக்சிஜன் மட்டும் வாங்கியவர்களில் 26.2-இலிருந்து 23.3. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களிடம் பலன் எதுவும் தெரியவில்லை, அங்கே 14.0-க்கு எதிராக 17.8 என்று தலைகீழாக, கெடுதல் என்று சந்தேகிக்கும் பக்கம் நின்றது. அப்போ 97 காட்டிய ஆட்களுக்கு முதல் நாளே ஸ்டீராய்டு வாங்கிக் கொடுக்கச் சொல்லி வந்த ஃபார்வர்டுகளை நினைச்சா இப்பவும் வயிறு கலங்குது.

இனி மூச்சு எண்ணிக்கை. "அவருக்கு 82 காட்டுது, ஆனா நல்லா உட்கார்ந்து டீ குடிக்கிறாரு, மெஷின்தான் கோளாறு" என்ற பேச்சு அந்த மாதங்களில் நிறையக் கேட்டோம். மெஷின் கோளாறாக இல்லாமலும் இருக்கலாம். முத்துக்குளித்த கரையில் பிறந்தவர்களுக்கு இது புரிவது சுலபம். மூச்சை அடக்கிக் கடலுக்குள் இறங்கியவரை "மேலே வா" என்று இழுப்பது ஆக்சிஜன் குறைவு இல்லை. உள்ளே சேரும் கார்பன் டை ஆக்சைடு. மூளை மூச்சுக்குத் தவிப்பது முக்கியமாக அதைப் பார்த்துத்தான் என்று ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் 1905-லேயே காட்டிவிட்டார்கள். இறங்கும் முன் வேக வேகமாகப் பலமுறை மூச்சிழுத்து கார்பன் டை ஆக்சைடைக் கழுவிவிட்டால் தவிப்பு தாமதமாகும். அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் தண்ணீருக்குள்ளேயே மயக்கம் வரும்.

வைரஸ் நிமோனியாவில் நடப்பதும் ஏறக்குறைய இதேதான். நுரையீரலின் ஒரு பகுதி கெட்டுப்போனாலும், நல்ல பகுதி வேகமாக வேலை செய்து கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்ளிவிடும். ஆனால் ஆக்சிஜனில் அந்த ஈடுகட்டல் நடக்காது. நல்ல பகுதி வழியாகப் போகும் ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஏற்கெனவே நிரம்பிவிட்டது; நிரம்பிய பாத்திரத்தில் எவ்வளவு ஊற்றினாலும் வழியத்தானே செய்யும்? விளைவு: ஆக்சிஜன் குறைகிறது, கார்பன் டை ஆக்சைடு கூடவில்லை, தவிப்பு வரவில்லை, டீ குடிக்கிறார். ஆனால் அவர் மூச்சை எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் கூடியிருக்கும். உடம்பு கட்டும் விலை அங்கேதான் தெரியும்.

இந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்த்தது ராக்ஸ் குறியீடு. பார்சிலோனாவின் ஓரியோல் ரோகாவும் குழுவினரும் 2016-இல் முன்வைத்தது. எஸ்/எஃப் விகிதத்தை நிமிட மூச்சு எண்ணிக்கையால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். ஹை ஃப்ளோ கருவியில் இருந்த 191 நிமோனியா நோயாளிகளை வைத்து 2019-இல் சரிபார்த்தார்கள். 2, 6, 12 மணி நேரங்களில் 4.88 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களுக்குத் தொண்டையில் குழாய் இறக்கும் தேவை குறைவாக இருந்தது. இரண்டாம் மணியில் 2.85-க்குக் கீழ், ஆறாம் மணியில் 3.47-க்குக் கீழ், பன்னிரண்டாம் மணியில் 3.85-க்குக் கீழ் இருந்தால் அந்தக் கருவி கைகொடுக்காமல் போக வாய்ப்பு அதிகம். நேரம் போகப் போக எல்லைக்கோடு ஏறுவதைக் கவனிச்சீங்களா? ஆரம்பத்தில் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்; பன்னிரண்டு மணி நேரம் கழிந்தும் அதே இடத்தில் நிற்பவருக்கு அவ்வளவு சலுகை இல்லை.

ஒரே நோயாளியின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம் (எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை). காலையில் 94, ஆக்சிஜன் பங்கு 0.5, மூச்சு 24: ராக்ஸ் 7.8. மதியம் 94, பங்கு 0.6, மூச்சு 32: 4.9. இரவு 94, பங்கு 0.7, மூச்சு 36: 3.7. மூன்று வேளையும் வீட்டுக்குப் போன செய்தி "94, ஸ்டெடியா இருக்கு".

ராக்ஸை மரணத்தைச் சொல்லும் ஜோசியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது சொல்வது, குழாய் இறக்கும் முடிவு வரை போகுமா என்பதை. அந்த முடிவை எடுப்பவர் ஒரு டாக்டர். வென்டிலேட்டர் காலியாக இருக்கும் ஊரில் ஒரு மாதிரியும் இல்லாத ஊரில் வேறு மாதிரியும் எடுப்பார்.

மரணத்தை நேரடியாகக் கணிக்க முயன்றது பிரிட்டனின் 4சி மதிப்பெண். 35,463 மருத்துவமனை நோயாளிகளை வைத்து உருவாக்கி, வேறு 22,361 பேரில் சோதித்து 2020 செப்டம்பரில் வெளியிட்டார்கள். மொத்தம் 21 புள்ளி. அதில் சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 92-க்குக் கீழே இருந்தால் எத்தனை புள்ளி தெரியுமா? 2. மூச்சு 30 அல்லது அதற்கு மேல் என்றால் இன்னொரு 2. வயது 80-ஐத் தொட்டால் 7. இதைப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியம்தான். ஊரே ஆக்சிமீட்டரைப் பிடித்துக்கொண்டிருந்தது, மதிப்பெண்ணில் அதற்குப் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் ஆக்சிஜன் முக்கியமில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. வயது நேற்றும் அதேதான், நாளையும் அதேதான். அதை வைத்து இன்று ராத்திரி ஆம்புலன்ஸ் கூப்பிடணுமா என்று முடிவெடுக்க முடியாது. மணிக்கு மணி மாறுவது ஆக்சிஜனும் மூச்சும்தான். வேடிக்கை என்னவென்றால், நிமோனியாவுக்கு 2003 முதல் புழக்கத்தில் உள்ள கர்ப்-65 மதிப்பெண்ணில் ஆக்சிஜன் அளவே கிடையாது. மூச்சு எண்ணிக்கை மட்டும் உண்டு.

கணிப்பு வேலை செய்பவர்கள் எல்லாரும் தெரிந்திருக்க வேண்டிய ஒரு நிமோனியா கதை இருக்கிறது. 1990-களில் அமெரிக்க நோயாளிகளின் தரவை வைத்துச் செய்த ஒரு மாதிரி, ஆஸ்துமா இருப்பவருக்கு நிமோனியாவில் இறக்கும் ஆபத்து குறைவு என்று கற்றுக்கொண்டது. ரிச் கருவானா இதை 2015-இல் விரிவாக எழுதினார். காரணம் எளிது: ஆஸ்துமா நோயாளிகளை நேராகத் தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள், அதனால் பிழைத்தார்கள். தரவில் தெரிந்தது நோயின் போக்கு மட்டுமில்லை, சிகிச்சையின் போக்கும்தான். ஆக்சிஜன் எல்லைகளுக்கும் இதே சிக்கல் உண்டு. 93 வந்ததும் கட்டில் கிடைக்கும் ஊரில் 93 பெரிய ஆபத்தாகத் தெரியாது. பெருவின் லிமாவில் ஒரு பொது மருத்துவமனையில் 2020-இல் சேர்ந்த 369 கோவிட் நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்தார்கள். சேரும்போதே ஆக்சிஜன் எவ்வளவு கீழே இருந்ததோ அவ்வளவு ஆபத்து கூடியது. லிமாவின் எண்ணை லண்டனுக்கும், லண்டன் எண்ணைத் தூத்துக்குடிக்கும் அப்படியே தூக்கி வர முடியாது.

கருவியைப் பற்றியும் சொல்லணும். ஆக்சிமீட்டர் 90 காட்டினால் உண்மை அளவு 86-க்கும் 94-க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே சொல்லியிருக்கிறது. அதோடு, 2020 டிசம்பரில் சியோடிங் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், ஆக்சிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டியும் உண்மையில் 88-க்குக் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். தோலின் நிறமி ஒளியை உறிஞ்சுவதால் கருவி கூட்டிக் காட்டுகிறது. வெயிலும் உப்புக் காற்றும் பழகிய நம்ம கடற்கரை ஆட்கள் இதை அமெரிக்கச் சமாச்சாரம் என்று ஒதுக்க வேண்டாம். ஒரு தனி எண்ணை விட, ஒரே கருவியில் ஒரே விரலில் அதன் ஏற்ற இறக்கத்தை நம்பலாம். மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத விரலாக இருக்கட்டும்; கை சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்கிவிட்டு, எண் நிலையாக நிற்கும் வரை பொறுத்துக் குறிக்கணும்.

அடுத்த முறை வீட்டில் யாருக்காவது இப்படி வந்து, டாக்டர் வீட்டிலேயே வைத்துப் பார்க்கச் சொன்னால், படம் எடுத்து அனுப்புவதற்குப் பதில் ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்க: நேரம், ஆக்சிமீட்டர் எண், ஆக்சிஜன் எத்தனை லிட்டர் எந்தக் குழாயில், நிமிட மூச்சு. மூச்சை நோயாளிக்குத் தெரியாமல் எண்ணணும், தெரிந்தால் மாறிவிடும். முழுசா 60 விநாடி எண்ணணும், 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கக் கூடாது. மேலே ஒரு வரியில் வயது, சர்க்கரை உண்டா, காய்ச்சல் தொடங்கி எத்தனையாவது நாள். டாக்டருக்குப் போகும் செய்தி இப்படி இருக்கும்: "வயது 63, சர்க்கரை உண்டு, 8-ஆம் நாள். காலை 7 மணி: 94, 2 லிட்டர் மூக்குக் குழாய், மூச்சு 22. மதியம் 1 மணி: 94, 4 லிட்டர், மூச்சு 28." இதில் இரண்டாவது வரியைப் படித்ததும் அவர் "உடனே கிளம்பி வாங்க"ன்னு சொல்லுவார்.